வாகாசிக்குப் பால் திரித்த நாட்கள்

ஜூன் 3, திங்கள்

டாக்டர் மேரி ஷீலா இந்த நோட்டை வாங்கச் சொன்னார். தரணிக்கு மூன்று வேளையும் என்ன கொடுத்தோம், எவ்வளவு உள்ளே போனது, எவ்வளவு தட்டிலேயே கிடந்தது என்று நான் எழுதி வாராவாரம் காட்ட வேண்டும். "உங்களுக்கு என்ன தோணுதோ அதையும் எழுதுங்க சார்" என்றார். மோட்டார் பட்டறையில் வேலை செய்கிறவனுக்கு என்ன தோன்றும்? எழுதுகிறேன்.

மகளுக்கு வயது பதினேழு. உயரம் ஐந்தடி மூன்று அங்குலம். எடை 33.4 கிலோ. முப்பத்திரண்டுக்குக் கீழே போனால் வார்டில் சேர்த்து மூக்கு வழியாகக் குழாய் விட வேண்டும் என்று டாக்டர் அவள் முன்னாலேயே சொன்னார். யாருடைய மகளைப் பற்றியோ பேசுகிற மாதிரி அவள் கேட்டுக்கொண்டிருந்தாள்.

காலை: இட்லி ஒன்றில் கால். மதியம்: ரசம் சாதம், ஏழு வாய். இரவு: பால் அரை டம்ளர். அதிலும் பாதி வாஷ்பேசினில் போனது என்று வசந்தாமணி அக்கா சொன்னாள். நாங்கள் ஊர் திரும்பியதிலிருந்து அக்காதான் எங்களோடு இருந்து வீட்டைப் பார்த்துக்கொள்கிறாள்.

டாக்டரிடம் இருக்கும் டயட்டீசியன் பெண் இன்று தரணியிடம், "ஒலகத்துல எது வேணும்னாலும் கேளு. எதைச் சாப்பிடத் தோணுது?" என்றாள். எட்டு மாதமாக இந்தக் கேள்விக்குத் தோளைக் குலுக்கியவள், மின்விசிறியைப் பார்த்தபடி, "வாழப்பழமும் வாகாசியும்" என்றாள்.

அது என்ன என்று எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். ஆப்பிரிக்காவில் பெனின் என்ற நாட்டில், பரக்கூ என்கிற ஊரில் பஞ்சாலை மெஷின் மெக்கானிக்காக இருந்தேன். தரணி மூன்று வயது முதல் பன்னிரண்டு வயது வரை வளர்ந்தது அங்கேதான். வாகாசி அந்தப் பக்கத்து மாட்டுக்காரர்கள் செய்கிற பாலாடைக்கட்டி. பன்னீரைவிடக் கெட்டி. அதை வறுத்து, நேந்திரம்பழம் போல் இருக்கும் பெரிய வாழையையும் வறுத்து, தக்காளிக் காரத்தில் போட்டுப் புரட்டித் தருவார்கள். "அங்கத்திய பலகாரம்ங்க" என்று மட்டும் சொன்னேன்.

வீட்டில் சமைத்த பெண் செய்வாள். அவளைப் பற்றி இங்கே வேண்டாம்.

ஜூன் 4, செவ்வாய்

பட்டறைக்கு லீவு சொல்லிவிட்டேன். உக்கடம் மார்க்கெட்டில் நேந்திரம்பழம் ஒரு சீப்பு, கடையில் பன்னீர் இரண்டு பாக்கெட். பழத்தை வட்டமாக நறுக்கி எண்ணெயில் போட்டேன். நன்றாகப் பழுத்த பழம். குழைந்து எண்ணெயைக் குடித்துக் கருகியது. பன்னீர் வாணலியில் உதிர்ந்து ரவை உப்புமா போல் ஆகிவிட்டது. தக்காளி, வெங்காயம், இஞ்சி, மிளகாய் எல்லாம் சரியாகத்தான் போட்டேன் என்று நினைக்கிறேன். அந்தச் சமையல்காரப் பெண் செய்கிறபோது நான் எப்போது சமையலறைக்குள் போனேன்?

தரணி தட்டைப் பார்த்தாள். முகர்ந்தாள். "இது அது இல்லீங்கப்பா" என்று மெதுவாகத் தள்ளி வைத்தாள். கோபமாகத் தள்ளியிருந்தால் தேவலை.

உள்ளே போனது: மதியம் ஒன்றுமில்லை. சாயங்காலம் மாதுளை முத்துகள், ஒரு கைக்கும் குறைவு.

ஜூன் 6, வியாழன்

நேற்றும் உதிர்ந்தது. இன்று மூன்றாவது முறை. வேறு கடைப் பன்னீர். ஒரு துண்டை வாயில் போட்டு, நான் திரும்பியதும் கைக்குட்டையில் துப்பிவிட்டாள்.

ஜூன் 8, சனி

பரக்கூவில் இன்னும் வேலையில் இருக்கும் அருப்புக்கோட்டை ஜெகதீசனுக்குப் போன் போட்டேன். வாகாசியை எப்படிச் செய்கிறார்கள் என்று விசாரித்துச் சொல்லச் சொன்னேன். ஒரு மணி நேரத்தில் கூப்பிட்டான்.

"அண்ணே, சூடு பண்ணுன பால்ல ஏதோ ஒரு செடியோட எலையக் கசக்கி ஊத்துறாங்க. அதுலதான் பால் திரியுது. எல ரெண்டு போதுமாம். போட்டோ அனுப்பிருக்கேன் பாருங்க."

படத்தைப் பார்த்தேன். பார்த்துக்கொண்டே இருந்தேன். தடித்த சாம்பல் பச்சை இலை, ஊதாப் பூ. நம் எருக்கு.

ஒன்பது வருடம் அதைத்தான் சாப்பிட்டிருக்கிறோம். ஒன்றும் ஆகவில்லை.

உள்ளே போனது: காலை பிஸ்கட் ஒன்று. பிறகு வெந்நீர். நாள் முழுக்க வெந்நீர்தான் குடிக்கிறாள். குளிர்கிறது என்று ஜூன் மாத வெயிலில் ஸ்வெட்டர் போட்டிருக்கிறாள்.

ஜூன் 9, ஞாயிறு

ரயில் பாதை ஓரத்துக் காலி மனையில் எருக்கு நிறைய இருக்கிறது. காலையில் பையோடு போய் ஒடித்து வந்தேன். பால் கையில் பிசுபிசுத்தது. அக்கா சந்தைக்குப் போயிருந்தாள். தரணி தூங்கிக்கொண்டிருந்தாள். இரண்டு லிட்டர் பாலை அடுப்பில் வைத்துவிட்டு, இலையை அம்மியில் வைத்து நசுக்கி, வடிந்ததைக் கிண்ணத்தில் பிடித்தேன்.

பின்னால் கூடை விழுந்த சத்தம் கேட்டது. திரும்பினால் அக்கா நிற்கிறாள். கத்தரிக்காய் தரையில் உருண்டு ஓடுகிறது. அவள் பார்வை கிண்ணத்தில் இருந்தது, பிறகு பால் பாத்திரத்தில், பிறகு தரணியின் அறைக் கதவில்.

"என்னடா இது?"

"சீஸ் செய்யறதுக்கு அக்கா. அங்கெல்லாம் இதுலதான்…"

கிண்ணத்தைத் தட்டிவிட்டாள். சுவரெல்லாம் தெறித்தது. என் சட்டையைப் பிடித்து உலுக்கினாள். அறுபது வயதுப் பொம்பளைக்கு அவ்வளவு பலம் எங்கிருந்து வந்ததோ. "பொட்டப்புள்ள இருக்கற ஊட்டுல எருக்கம்பால வடிச்சு வெச்சுட்டு சீசுங்கறயா? எந்தக் காலத்துலடா இருக்கற? ஆருக்குடா இது? அவளுக்கா? உனக்குமா?"

தரணி அறையிலிருந்து வந்து நிலைப்படியில் சாய்ந்து நின்றாள். அவளுக்கு எதுவும் புரியவில்லை. அல்லது எல்லாம் புரிந்தது. "அத்தை, அப்பாவ உடுங்க" என்றாள். அவ்வளவுதான் பேசினாள். அதற்கே மூச்சு வாங்கியது.

பால் திரிக்கத்தான் கொண்டுவந்தேன் என்று அக்காவிடம் சத்தியம் செய்தேன். அது பொய் இல்லை. ரெண்டு இலை போதும் என்றானே, பிறகு எதுக்குடா பை நிறைய என்று கேட்டாள். அதற்கு இங்கே பதில் எழுத வேண்டியதில்லை.

அக்கா பையோடு எல்லாவற்றையும் கொண்டுபோய்ச் சாக்கடையில் போட்டுவிட்டு வந்து, அம்மியை மூன்று தடவை கழுவினாள். நான் கத்தரிக்காய்களைப் பொறுக்கினேன்.

உள்ளே போனது: எழுத மறந்துவிட்டேன்.

ஜூன் 10, திங்கள்

எடை 32.3.

டாக்டர் தரணியை வெளியே உட்காரவைத்துவிட்டு நோட்டை முழுவதும் படித்தார். கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

"எருக்கு விஷம், சார். அங்க தலைமுறையா செய்யறவங்களுக்கு அளவு தெரியும், பக்குவம் தெரியும். உங்களுக்குத் தெரியாது. இனிமே அதைத் தொடக்கூடாது."

"இல்லீங்க."

"பை நிறைய எதுக்குன்னு நானும் கேக்கறேன்."

நான் மேசை மேல் இருந்த எடைக்கல் போன்ற கண்ணாடி உருண்டையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் அவசரப்படவில்லை. கடைசியில், "ரொம்ப களைச்சுப்போச்சுங்க டாக்டர்" என்றேன். அவர் ஒரு சீட்டில் வேறொரு டாக்டரின் பேரை எழுதி, நாளைக்கே நான் போய்ப் பார்க்க வேண்டும் என்றார். "உங்க பொண்ணுக்கு இல்ல. உங்களுக்கு." அக்காவையும் உள்ளே கூப்பிட்டு, நான் போகிறேனா என்று பார்த்துக்கொள்ளச் சொன்னார்.

கிளம்பும்போது நோட்டைத் திருப்பித் தந்தார். "ரெண்டு எடத்துல 'இங்க வேண்டாம், வேண்டியதில்லை'ன்னு எழுதிருக்கீங்க. ஒண்ணு எனக்கு இப்பப் புரிஞ்சுது. இன்னொண்ணு அந்த சமையல்காரம்மா. அதையும் எழுதுங்க. எனக்குக் காட்டணும்னு இல்ல."

ஜூன் 11, செவ்வாய்

அந்த டாக்டரைப் பார்த்தேன். இரண்டு மாத்திரை. வீட்டுக்கு வந்து பேனாவை எடுத்தேன். எழுத வரவில்லை.

உள்ளே போனது: தோசை, உள்ளங்கையளவு.

ஜூன் 13, வியாழன்

எழுதிவிடுகிறேன்.

அவள் பேர் அய்சத்து. மாட்டுக்காரர் வீட்டுப் பெண். புருஷன் இல்லை, பிள்ளை இல்லை. என் மனைவி கோமதி அங்கே காய்ச்சலில் போனபோது தரணிக்கு நாலு வயது. அதன் பிறகு குளிப்பாட்டியது, சோறு ஊட்டியது, பள்ளிக்கூடம் கொண்டுபோய் விட்டது எல்லாம் அய்சத்துதான். எங்கள் வீட்டில் கேட்டுக் கேட்டே தமிழ் பேசப் பழகினாள். கோயமுத்தூர்க்காரி மாதிரியே பேசுவாள். தரணி அவளை நேனே என்று கூப்பிடுவாள். அவர்கள் பாஷையில் அம்மா.

அதை நான் முதலில் கண்டுகொள்ளவில்லை. பிறகு அங்கிருந்த நம் ஆட்கள் பேச ஆரம்பித்தார்கள். ஒரு தீபாவளி விருந்தில் எல்லார் முன்னாலும் தரணி ஓடிப்போய் அவள் மடியில் படுத்துக்கொண்டு நேனே என்றாள். யாரோ சிரித்தார்கள்.

2019-இல் கோமதியின் சங்கிலி காணாமல் போனது. நான் அய்சத்துவைத்தான் கேட்டேன். இல்லை என்றாள். கம்பெனி வாட்ச்மேனைக் கூப்பிட்டேன். வாசல் கேட்டுக்கு முன்னால், தெருவே பார்க்க, அவளுடைய துணி மூட்டையைப் பிரித்து மண்ணில் கொட்டினான். தரணி என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மூட்டையில் சங்கிலி இல்லை. இருந்தாலும் போகச் சொல்லிவிட்டேன். விற்றிருப்பாள் என்று தரணியிடம் சொன்னேன். "உன்ர அம்மா சங்கிலியத் திருடுனவள நேனேங்காத" என்றேன்.

இருபது நாள் கழித்து, ஊருக்குக் கிளம்ப மூட்டை கட்டும்போது, சங்கிலி என் பாஸ்போர்ட் உறைக்குள் இருந்தது. நானே வைத்தது. பத்திரமாக இருக்கட்டும் என்று நானே வைத்து நானே மறந்திருக்கிறேன்.

அய்சத்துவின் வீடு நடந்து போகிற தூரம்தான். போகவில்லை. தரணியிடமும் சொல்லவில்லை. ஒரு விதத்தில் நிம்மதியாகக்கூட இருந்தது.

அந்தக் கடைசி வரியை அடிக்கலாமா என்று பார்த்தேன். இருக்கட்டும்.

ஜூன் 14, வெள்ளி

பாத்ரூமில் மயங்கி விழுந்துவிட்டாள். கதவை உடைத்துத் தூக்கினேன். தூக்குவதற்கு ஒன்றுமே இல்லை. 31.6. வார்டு. குழாய் போட்டுவிட்டார்கள்.

ஜூன் 17, திங்கள்

குழாயில் சொட்டுச் சொட்டாகப் போகிறது. போகிறது என்பதே எனக்குப் பெரிதாக இருக்கிறது. நர்ஸ் இல்லாத நேரம் அவள் அதைப் பிடுங்கப் பார்த்தாள். அக்கா இரவும் பகலும் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.

மத்தியானம் அக்காவைச் சாப்பிட அனுப்பிவிட்டுச் சொன்னேன். சங்கிலி, பாஸ்போர்ட் உறை, இருபது நாள், எல்லாம். சொல்லும்போது கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

தரணி கண்ணை மூடிக்கொண்டே பேசினாள். குழாய் இருந்ததால் குரல் மூக்கிலிருந்து வந்தது.

"அஞ்சு வருசமா நானும் அவங்களத் திருடின்னே நெனச்சிட்டிருந்தேன்."

"தப்புதான் கண்ணு. என்னாலதான் உனக்கு இப்படி ஆச்சு…"

"எல்லாம் உங்களாலதான்னு நெனச்சுக்காதீங்க." கண்ணைத் திறந்து என்னை நேராகப் பார்த்தாள். "அத்தன பெரிய ஆளெல்லாம் இல்ல நீங்க."

சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். முதுகெலும்பு ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிந்தது. அரை மணி நேரம் நின்றேன். "வெளிய போங்கப்பா" என்றாள். போய்விட்டேன்.

ஜூன் 19, புதன்

ஜெகதீசன் அய்சத்துவின் நம்பரைக் கண்டுபிடித்துக் கொடுத்தான். பக்ரீத்துக்கு அண்ணன் ஊருக்குப் போயிருந்தவள் இன்றுதான் சந்தைக்குத் திரும்புவாள் என்றான். மூன்று மணிக்கு ஆஸ்பத்திரி மாடிப்படியில் நின்று கூப்பிட்டேன். அங்கே அப்போது காலை பத்தரை. மோட்டார் சைக்கிள் இரைச்சல், ஆடு கத்துகிற சத்தம்.

"அய்சத்து, நான் சென்னியப்பன்."

ஐந்து வருடமாக யாரோடும் பேசியிருக்க வாய்ப்பில்லாத தமிழில், கொஞ்சம் தடுமாறிக் கேட்டாள்.

"பாப்பா உசுரோட இருக்குதுங்களா?"

வேறு எதற்கு நான் கூப்பிடுவேன்? அவள் கேட்டது நியாயம். "இருக்குது" என்றேன். நடந்ததைச் சொன்னேன். சாப்பிடுவதில்லை, குழாய், எடை.

"சங்கிலி கெடச்சிருச்சு அய்சத்து. அப்பவே கெடச்சிருச்சு."

"தெரியுமுங்க மிசியே." அங்கே முதலாளியை அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

"எப்படி?"

"மறுக்கா வாட்ச்மேன நீங்க என்ர ஊட்டுக்கு அனுப்பலீங்களே. நெசமாக் களவு போயிருந்தா உடுவீங்களா?"

மன்னித்துவிடு என்றேன். சரி என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை. சந்தையில் யாரோ அவளிடம் விலை கேட்க, அவர்கள் பாஷையில் பதில் சொல்லிவிட்டு மறுபடி வந்தாள்.

"பாப்பாகிட்ட இதையெல்லாம் சொல்லிப்போட்டீங்களா?"

"சொல்லிட்டேன்."

"அப்ப போன பாப்பாகிட்டக் குடுங்க."

"என்னோடயே பேசறதில்ல. வாகாசி எப்படிச் செய்யறதுன்னு நீ சொன்னா நான்…"

"அது உங்களுக்கு வராதுங்க" என்றாள். கோபமில்லை. மழை வராது என்று சொல்கிற மாதிரி சொன்னாள். "சனிக்கெழம கூப்புடறனுங்க. பாப்பாகிட்டச் சொல்லி வெய்யுங்க."

ஜூன் 20, வியாழன்

சொன்னேன். தரணி போர்வையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டாள்.

ஜூன் 22, சனி

போனைத் தலையணை மேல் வைத்துவிட்டு வெளியே வந்துவிட்டேன். கதவு முழுவதும் சாத்தவில்லை. அய்சத்துவின் குரல் மட்டும் பத்து நிமிடம் கேட்டது. தரணியிடமிருந்து சத்தமே இல்லை. பிறகு என்னவோ முறிகிற மாதிரி ஒரு சத்தம். தரணி அழுகிறாள். எட்டு மாதத்தில் அவள் அழுது நான் பார்க்கவில்லை. உள்ளே ஓடப் போன என்னை அக்கா தோளைப் பிடித்து நிறுத்தினாள்.

"நேனே" என்றாள் தரணி. அப்புறம் அந்தப் பாஷையில் என்னவெல்லாமோ. பாதி மறந்துபோய் இடையிடையே தமிழ் வந்தது. ஒன்பது வருடம் அந்த ஊரில் இருந்தும் அவர்கள் பாஷையில் எனக்கு விலை கேட்க மட்டும்தான் தெரியும். என் மகள் என்ன சொல்கிறாள், என்னைப் பற்றித்தானா என்று புரியாமல் நின்றேன். கடைசியாகத் தமிழில், "இங்க அந்தச் செவப்பெண்ணெ கெடைக்காது நேனே" என்றது மட்டும் காதில் விழுந்தது. அங்கே குழம்புக்கு ஊற்றுகிற சிவப்புப் பாமாயில்.

சாயங்காலம் குழாயில் போனது தவிர, வாய் வழியாகக் கஞ்சி நாலு ஸ்பூன். ஐந்தாவது ஸ்பூனுக்கு வாயைத் திறக்கவில்லை.

ஜூலை 1, திங்கள்

34.0. வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். "இது குணமாயிட்டதுன்னு அர்த்தமில்ல. மறுபடி கீழ போகும், மேல வரும். ஒரு வருஷம் ரெண்டு வருஷம் ஆகலாம்" என்றார் டாக்டர். தரணி ஆட்டோவில் அக்காவோடு பின்னால் உட்கார்ந்தாள். நான் டிரைவர் பக்கத்தில்.

ஜூலை 4, வியாழன்

காலை: அரை இட்லி. மதியம்: அரை இட்லி. இரவு: கஞ்சி, ஆறு ஸ்பூன். என்னோடு பேச்சு இல்லை.

ஜூலை 7, ஞாயிறு

காலையில் தரணி அக்காவிடம், "அத்தை, நல்ல மாட்டுப்பால் மூணு லிட்டர் வேணும்" என்றாள். அக்கா என்னைப் பார்க்காமலே தூக்குப்போசியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள். எனக்கு இட்ட வேலை, நேந்திரம்பழம் வாங்கி வருவது. எப்படிப்பட்ட பழம் என்று அவளே தாளில் எழுதி நீட்டினாள்: மஞ்சள் தோல், கரும்புள்ளி விழ ஆரம்பித்திருக்க வேண்டும், அமுக்கினால் குழையக் கூடாது. நாலு கடை ஏறி இறங்கினேன்.

திரும்பி வந்தபோது அய்சத்து எங்கள் சமையலறையில் இருந்தாள். போனை அஞ்சறைப் பெட்டிமேல் சாய்த்து வைத்திருந்தார்கள். வீடியோவில் தலைத்துணியோடு அவள் முகம். கன்னம் ஒட்டி, வயதாகிவிட்டிருந்தது. நான் வாசல்படியில் நிற்பதைப் பார்த்தாள். "மிசியே, நீங்க அக்கட்டால உக்காருங்க" என்றாள். கூடத்தில் போய் உட்கார்ந்தேன். அங்கிருந்து பார்த்தேன்.

எலுமிச்சை பிழிந்து பாலைத் திரித்தார்கள். "அந்த எல வேண்டாமுங்க அக்கா. அது எங்க கைக்குத்தான் சரியா வரும்" என்று அய்சத்து சொல்ல, "அந்தப் பேரையே எடுக்காத சாமி" என்றாள் அக்கா. திரிந்ததை வேட்டித் துணியில் முடிந்து, அம்மிக் குழவியை மேலே ஏற்றி வைத்தார்கள். இரண்டு மணி நேரம் நீர் வடிந்தது. பிறகு தரணி அதை விரல் நீளத்துக்கு நறுக்கி உப்பு நீரில் ஒரு கொதி விட்டு எடுத்தாள். நான் செய்யாமல் விட்டது அந்தக் கொதியைத்தான். அதன் பிறகு அது வாணலியில் உதிரவில்லை. ஓரம் சிவந்து, மொறுமொறுவென்று வந்தது.

இடையில் இரண்டு முறை நிற்க முடியாமல் ஸ்டூலில் உட்கார்ந்தாள். ஒருமுறை தலையை மேடைமேல் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டாள். நான் பாதி எழுந்தேன். போனிலிருந்து அய்சத்து என்னவோ முணுமுணுப்பாகப் பேசிக்கொண்டே இருந்தாள், பாட்டா பேச்சா என்று தெரியவில்லை. தரணி தலையைத் தூக்கி, வாழைத் துண்டுகளை ஒவ்வொன்றாக எண்ணெயில் விட்டாள். தக்காளியும் மிளகாயும் இஞ்சியும் வதங்குகிற காரத்தில் எனக்கு இருமல் வந்தது. பரக்கூ வீட்டில் வேலை முடிந்து வந்து செருப்பைக் கழற்றும்போது வருகிற இருமல்.

ஒரு தட்டில் போட்டு எடுத்து வந்து, கூடத்தில் எனக்கு எதிரே தரையில் உட்கார்ந்தாள். வாழை, அதன் மேல் வாகாசி, அதன் மேல் சிவப்பாகக் குழம்பு. முதல் துண்டை வெகுநேரம் கையில் வைத்திருந்தாள். வாயில் போட்டாள். மென்றாள். கண்ணில் நீர் வழிய மென்றாள். கைக்குட்டை மடியில்தான் இருந்தது. அதை அவள் எடுக்கவில்லை. விழுங்கினாள். தொண்டையில் இறங்குவது வெளியே தெரிந்தது.

இரண்டாவது துண்டு. மூன்றாவது.

என்ன நினைத்தேனோ, எனக்கே தெரியாமல் கை தட்டுப் பக்கம் போய்விட்டது. காலையிலிருந்து நானும் ஒன்றும் சாப்பிட்டிருக்கவில்லை. தரணி சட்டென்று இடது கையால் தட்டை மூடினாள். இருபது நாளுக்குப் பிறகு என் முகத்தைப் பார்த்தாள். கோபம் அப்படியே இருந்தது.

"எடுக்காதீங்க" என்றாள். "எனக்கே பத்தாது."

கையை எடுத்துக்கொண்டேன்.